மொக்கைச்சாமி தள்ளிவைத்த தேதி

அழகர்கோவிலுக்குத் தெற்கே, மலை இறங்கிச் சமவெளியாகிற இடத்தில் சுனைப்பட்டி இருக்கிறது. அந்த ஊர்த் தெற்குத் தெருவில் காளிக்கும் ராமக்காளுக்கும் பிறந்த பிள்ளைகள் நாலு. மூத்தவள் ஒச்சாயி, உள்ளூரிலேயே நாலு வீடு தள்ளி வாக்கப்பட்டவள். நடுவில் ரெண்டும் தங்கவில்லை. கடைசிப் பிள்ளை மொக்கைச்சாமி.

காளி சாகிறவரைக்கும் அடுத்தவர் வயலில் பாடுபட்டவர். மொக்கைச்சாமி அப்படி இல்லை. லோடு ஏற்றப் போனார், கிளீனராகப் போனார், லைசென்ஸ் எடுத்தார், பிறகு சொந்தமாகச் சின்ன யானை என்கிற சரக்கு வண்டி ஒன்று வாங்கினார். தகப்பன் கூலிக்கு நாற்று நட்ட வரப்புக்கு அடுத்தாற்போலவே முக்கால் ஏக்கர் வாங்கி மல்லிகை போட்டார். விடியும் முன்னே பூவை ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போவார். வெயில் ஏறும்போது வீட்டில் இருப்பார். சம்சாரம் முருகம்மாள், ஆனையூரில் இருந்து வந்தவள். அவளுடைய தம்பி சிவக்குமார் இன்னும் ஆனையூரில்தான் குடியிருக்கிறான். பிள்ளை ஒன்றே ஒன்று, சரண்யாதேவி.

சரண்யாவுக்குக் கண் கெட்டது எட்டாம் வகுப்பில். கரும்பலகை தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதி, அந்தப் பிள்ளை செய்த தப்பையெல்லாம் தானும் செய்து, வாத்தியாரிடம் மாட்டிக்கொண்டாள். கண்ணாடி வந்தது. தெருவில் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்றே பேர் விழுந்தது. ஒச்சாயிக்கு மட்டும் அந்தப் பேச்சு பிடிக்காது. அவளுக்கு முகேஷ் என்று ஒரு மகன் இருந்தான், சரண்யாவுக்கு முறை மாப்பிள்ளை. கண்ணாடியோ கருப்போ, என் வீட்டுக்கு வரப்போகிற பிள்ளையை யாரும் பேரு வைத்துக் கூப்பிட வேண்டாம் என்று சண்டைக்குப் போவாள்.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் காலேஜில் சேர்ந்த பிறகு சரண்யா என்.சி.சி.யில் சேர்ந்தாள். அது மொக்கைச்சாமிக்குத் தெரியவந்த விதத்தைச் சொன்னால் தெருவில் இன்றைக்கும் சிரிப்பார்கள். ஒருநாள் வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு நாகமலைப் பக்கம் போனவரை, காக்கிச் சட்டை போட்ட ஓர் ஆள் கைகாட்டி நிறுத்தியது. இவர் வண்டியை ஓரங்கட்டி, பெல்ட்டை மாட்டி, லைசென்ஸை எடுத்து நீட்டினார். லைசென்ஸை வாங்கிப் பார்த்த ஆள், "போட்டோவுல நல்லாத்தான்ப்பா இருக்கீங்க," என்றது. நிமிர்ந்து பார்த்தால் மகள்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். பட்டாளத்தில் பெண்பிள்ளைகளும் அதிகாரியாகலாமாம். டிகிரி முடித்து, என்.சி.சி.யில் மேல் சான்றிதழ் வைத்திருந்தால் எழுத்துப் பரீட்சை இல்லாமல் நேராக ஐந்து நாள் தேர்வுக்குக் கூப்பிடுவார்களாம். ஓட வேண்டும், பேச வேண்டும், ஆட்களைச் சேர்த்துக்கொண்டு பள்ளம் தாண்ட வேண்டும். மொக்கைச்சாமி ஸ்டியரிங்கைப் பார்த்தபடி எல்லாவற்றுக்கும் ம் கொட்டினார். தன் வழியில் யாரும் பட்டாளத்தை எட்டிப் பார்த்தது இல்லை என்பதுதான் அவர் மனசில் ஓடியது. காளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட சின்னப் பயல்களின் பேரன்மார், இவளைப் பார்த்தால் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்றும் ஓடியது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. முருகம்மாளிடம் மட்டும் ஒருதரம் சொன்னார்.

டிகிரி முடிந்து இரண்டு தடவை போய்த் திரும்பினாள். ஆள் தேறவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அது அவளுக்குக் கவலையாக இல்லை, அடுத்த முறை தேறலாம். கண்தான் கவலை. அவள் கண்ணாடியின் பவர் அவர்கள் ஒத்துக்கொள்ளும் அளவுக்கு மேலே போய்விட்டது. லேசர் வைத்துச் சரி செய்துகொண்டால் எடுப்பார்கள். ஆனால் அதற்கும் கட்டு உண்டு. லேசர் வைத்துப் பன்னிரண்டு மாதம் முழுசாக ஆகியிருக்க வேண்டும். வயசோ இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டும். அவளுக்கு அப்போதே இருபத்து மூன்று முடிந்திருந்தது.

ஆனையூர்ப் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஸ்யாமளா என்று ஒரு டாக்டரம்மா. சரண்யா டியூஷன் எடுத்துச் சேர்த்த காசை வைத்துக்கொண்டு அவரிடம்தான் போனாள். கருவிழியின் தடிமனை அளந்து பார்த்து, செய்யலாம் என்று சொன்னார் டாக்டரம்மா. பங்குனி மாதம் முதல் வாரத்தில் ஒரு தேதியும் கொடுத்தார். செய்தபிறகு ஒரு வாரம் தூசி, புகை ஆகாது, முகத்தில் தண்ணீர் படக் கூடாது, மறுநாளும் அதற்கடுத்தும் வந்து காட்ட வேண்டும். அதனால் அந்த ஒரு வாரம் மாமன் சிவக்குமார் வீட்டிலேயே தங்குவது என்று பேச்சு.

ஆபரேஷன் என்றதும் தெருவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். வெல்டிங் வைக்கிற மாதிரி கண்ணில் நெருப்பு வைப்பார்களாம் என்றார்கள். அண்ணன் தம்பி யாரும் இல்லாத பிள்ளைக்கு எதற்கு வம்பு என்றார்கள். ஒச்சாயிதான் வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டு நேராகக் கேட்டாள்.

"ஏண்டி, மாப்ள பாக்குறதுக்காகவா கண்ணாடியக் கழட்டப் போற? எம் மகனுக்கு ஒன்னையக் கண்ணாடியோடவே பிடிக்கும்டி."

"அத்த, கண்ணாடியக் கழட்டிட்டு ஒங்க மகன நல்லாப் பாத்துட்டேன்னா அப்பறம் எனக்குப் பிடிக்காமப் போயிரும். பரவால்லையா?" என்றாள் சரண்யா.

ஒச்சாயி வாய்விட்டுச் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் ஆபரேஷனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வில்லங்கம் வந்தது வேறு பக்கத்தில் இருந்து.

சுனைப்பட்டி அம்மன் கோவிலுக்குப் பங்குனியில் திருவிழா. திருவிழாவுக்கு எட்டு நாள் முன்னால் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் துணியில் வேப்பிலை வைத்துக் கையில் கட்டிவிட்டால், கட்டிக்கொண்டவர் திருவிழா முடிகிறவரை விரதம். அவர் வீட்டில் யாரும் ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. பகலில் போய்வரலாம், ஆனால் இருட்டுவதற்குள் வந்துவிட வேண்டும். முன்காலத்தில் இந்தக் கட்டு ஊர் முழுசுக்கும் இருந்தது. இப்போது பாதி ஊர் திருப்பூரிலும் சென்னையிலும் இருப்பதால் காப்புக் கட்டியவர் வீட்டோடு நிற்கிறது.

தெற்குத் தெருவுக்கு அந்தக் காப்பு கிடையாது. தலைமுறை தலைமுறையாகக் கிடையாது. வரி உண்டு, பந்தல்கால் ஊன்றுகிற வேலை உண்டு, காப்பு மட்டும் மேலத் தெருக்காரர்களுக்கு. பல வருஷமாக இதைக் கேட்டுக்கேட்டு, தாலுகா ஆபீசில் உட்கார்ந்து பேசி, அந்த வருஷம்தான் தெற்குத் தெருவிலும் ஓர் ஆளுக்குக் கட்டுவது என்று முடிவானது. யாருக்குக் கட்டுவது என்று தெரு கூடியபோது எல்லாரும் மொக்கைச்சாமியைத்தான் கைகாட்டினார்கள். குடி கிடையாது, வம்பு கிடையாது, சொந்த வண்டி, சொந்த நிலம்.  அவர் தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், சரண்யாவின் ஆபரேஷன் தேதி காப்புக் கட்டிய மூன்றாம் நாள்.

இரண்டு நாள் தனக்குள்ளேயே வழி தேடினார். பகலில் ஆபரேஷனை முடித்துக்கொண்டு இருட்டுவதற்குள் கூட்டிவந்துவிடலாம் என்று ஒரு கணக்குப் போட்டார். ஆனால் வீட்டு வாசலில் தீச்சட்டிப் புகையும் புழுதியுமாக இருக்கும். கடைசி நாள் மஞ்சள் தண்ணீரை வாளி வாளியாக மூஞ்சியில் ஊற்றுவார்கள். டாக்டரம்மா எதெல்லாம் ஆகாது என்றாரோ அதெல்லாம் அந்த எட்டு நாளில் அங்கே இருந்தது. அனுப்பிவிட்டு, யாருக்கும் தெரியாது என்று இருந்துவிடலாமா என்றும் நினைத்தார். மேலத் தெருவில் அதற்காகவே பார்த்துக்கொண்டிருக்கிற ஆட்கள் இருந்தார்கள். முதல் வருஷமே காப்பை மீறினார்கள், இதற்குத்தான் இத்தனை காலம் கொடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால், அது மொக்கைச்சாமியோடு போகாது. தெரு மொத்தத்துக்கும் வரும்.

மூன்றாம் நாள் பூ எடுத்துக்கொண்டிருந்தபோது மகளிடம் கேட்டார்.

"பாப்பா, அந்தத் தேதிய எம்புட்டு நாளு தள்ளலாம்?"

சரண்யா பறித்த பூவை மடியில் போட்டுக்கொண்டே கேட்டாள், "திருவிழா முடியிற வரைக்குமாப்பா?"

"ஆமா."

"செஞ்சு ஒரு வருசம் ஆகணும்ப்பா. அடுத்த தேர்வுக்கு எப்பக் கூப்புடுவாங்கன்னு தெரியல."

"ஒரு மாசம் முன்னப் பின்ன இருந்தா என்ன ஆகிறப் போகுது?"

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, சரிப்பா, நான் டாக்டர்கிட்டச் சொல்லிக்கிறேன் என்றாள். அம்புட்டுதான். மொக்கைச்சாமிக்கு மனசு லேசாகிப் போனது. அந்த வருஷம் கோவில் வாசலில் நின்று காப்புக் கட்டிக்கொண்டார். தெற்குத் தெருப் பெண்கள் குலவையிட்டார்கள். காளி இருந்து பார்க்கவில்லையே என்று ஒச்சாயி அழுதாள்.

திருவிழா முடிந்து ஆஸ்பத்திரியில் கேட்டால் அடுத்த தேதி உடனே கிடைக்கவில்லை. நடுவில் அழகர் ஆற்றில் இறங்குகிற கூட்டம் வேறு. ஒருவழியாகச் சித்திரைக் கடைசியில் லேசர் வைத்தார்கள். கத்தியும் இல்லை ரத்தமும் இல்லை, வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கச் சொன்னார்கள், முடி கருகுகிற வாடை அடித்தது, அதற்குள் முடிந்துவிட்டது என்று சரண்யா சொன்னாள். ஒரு வாரம் மாமன் வீட்டில் கறுப்புக் கண்ணாடியோடு இருந்துவிட்டு ஊருக்கு வந்தவள், வண்டியை விட்டு இறங்கியதும் அழகர்மலையைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். முன்பெல்லாம் மலை என்றால் ஒரே பச்சையாகத்தான் தெரியுமாம். இப்போது மரம் மரமாகத் தெரிகிறது என்றாள்.

அடுத்த வருஷம் பங்குனிக் கடைசியில் பெங்களூருக்குக் கூப்பிட்டார்கள். ஐந்து நாள் தேர்வு. ஐந்தாம் நாள் சாயங்காலம் போன் வந்தது. தேறிவிட்டாள். கூடப் போனவர்களில் முக்கால்வாசிப் பேரைத் திருப்பி அனுப்பிவிட்டு இவளை நிறுத்திக்கொண்டார்கள். இனி உடம்பைச் சோதிக்கிற வேலை மட்டும்தான். மொக்கைச்சாமி அன்றைக்கு வண்டியில் ஏற்றிய தேங்காயில் தெருவுக்கே ஆளுக்கு ஒன்று கொடுத்தார்.

நாலைந்து நாள் கழித்துச் சரண்யா வந்து இறங்கினாள். பையை வைத்தாள், குளித்தாள், சாப்பிட்டாள். அப்புறம், "கண்ணுல நிறுத்திட்டாங்கப்பா. மேல்முறையீடு போட்டுருக்கேன்," என்றாள். அதற்கு மேல் கேட்டால் வாய் திறக்கவில்லை. முருகம்மாளும் எழுந்து மாட்டுப் பக்கம் போய்விட்டாள்.

மொக்கைச்சாமிக்கு ரத்தம் கொதித்தது. இத்தனை பேரைத் தாண்டி வந்த பிள்ளை, கண்ணால் நின்றுபோனது என்றால் கண்ணைச் சரியாகச் செய்யவில்லை என்றுதானே அர்த்தம். மரம் மரமாகத் தெரிகிறது என்று இவள் சொன்னாளே தவிர, பட்டாளத்துக்காரன் மெஷினுக்கு அது போதவில்லை. மறுநாள் பூவை இறக்கிவிட்டு வண்டியை நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டார். போகிற வழியில் சிவக்குமாரையும் ஏற்றிக்கொண்டார். சத்தம் போட வேண்டி வந்தால் கூட ஓர் ஆள் இருக்கட்டும் என்று.

டாக்டர் ஸ்யாமளா அவர் பேசுவதை முழுசாகக் கேட்டார். குறுக்கே பேசவில்லை. மொக்கைச்சாமி கோபத்திலும் மரியாதை குறையாமல்தான் பேசினார். ஆனால் எம் பிள்ளை வாழ்க்கையே போச்சு என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரண்யா அங்கருந்தே எனக்கு போன் பண்ணிட்டா. அவ கண்ணுல ஒரு குறையும் இல்லை. அங்க பார்த்தவங்களும் அதைத்தான் சொல்லியிருக்காங்க. லேசர் பண்ணிப் பன்னிரண்டு மாசம் ஆகணும். அவளுக்குப் பதினொண்ணுதான் முடிஞ்சிருக்கு. அதுக்காகத்தான் நிறுத்தியிருக்காங்க," என்றார் டாக்டரம்மா.

"பன்னெண்டு ஆயிருக்கணுமேம்மா. போன பங்குனியிலதான..."

சொல்லும்போதே அவருக்குத் தட்டியது. 

"முதல்ல குடுத்த தேதியில செஞ்சிருந்தா?" என்று மொக்கைச்சாமியே கேட்டார்.

"செஞ்சிருந்தா ஒரு வருஷம் தாண்டியிருக்கும்."

சிவக்குமார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு முன்பே தெரியும் என்பது மொக்கைச்சாமிக்கு அப்போதுதான் விளங்கியது. அக்கா சொல்லியிருப்பாள். அவருக்கு மட்டும் தெரியாமல் வீடு மொத்தமும் அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அப்புறம் மொக்கைச்சாமி டாக்டரம்மாவிடம் ஒரு யோசனை சொன்னார். அதில் ஏமாற்று எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அவர் அறிந்தவரையில் ஒரு காரியத்துக்கு நாள் குறித்து, வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டால், அன்றைக்கே அது பாதி நடந்த மாதிரி. இடையில் சாவுக் கேதம் விழுந்தோ மழை பெய்தோ தள்ளிப்போனாலும் குறித்த நாள் குறித்த நாள்தான். அதைத்தான் கேட்டார்.

"டாக்டரம்மா, பங்குனியில நாள் குறிச்சுக் குடுத்தது நீங்கதான். அவளும் வாரேன்னுதான் சொன்னா. தள்ளிவச்சது நானு. தப்பு எம்மேல இருக்கு, பிள்ளை மேல இல்ல. நீங்க மொதல்ல குறிச்ச அந்த நாளையே எழுதிக் குடுத்துருங்க. அதுதான நெசமான நாளு?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அன்றைக்கு அவள் கண்ணில் லேசர் படவில்லையே ஐயா, பட்ட நாளைத்தான் நான் எழுத முடியும் என்றார். அப்படி மாற்றி எழுதி அவள் உள்ளே போனாலும், என்றைக்காவது தெரியவந்தால் வேலையும் போய்ப் பேரும் போய்விடும் என்றார். அப்புறம் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு, மேல்முறையீடு என்றால் என்ன என்று விவரமாகச் சொன்னார். ஒரு மாதத்துக்கு மேல் கழித்து மறுபடி கூப்பிடுவார்கள். அதற்குள் சித்திரை முடிந்துவிடும், பன்னிரண்டு மாதமும் முடிந்துவிடும். மறுபடி எல்லாவற்றையும் அளப்பார்கள். கண் நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். "ஆனா அந்தத் தேதியத் தவற விட்டா அதோட முடிஞ்சது. வயசும் தாண்டிரும்," என்றார்.

திரும்பி வரும்போது சிவக்குமாரை இறக்கிவிட்டுவிட்டு, அழகர்கோவில் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு மாசம் முன்னப் பின்ன இருந்தா என்ன என்று தான் கேட்டதும், அவள் பேசாமல் இருந்ததும்தான் திரும்பத் திரும்ப வந்தது. அன்றைக்கு அவள் அழுதிருந்தால், சண்டை போட்டிருந்தால், தான் விட்டுக்கொடுத்திருப்போமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். கொடுத்திருக்க மாட்டோம் என்றுதான் பட்டது. அதுதான் கூடுதலாக வலித்தது.

வீட்டில் மகளிடம் போய் நின்றார்.

"ஏன்த்தா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீங்க காப்புக் கட்டுனத நெனச்சு வருத்தப்படுவீங்க. தெருவே சந்தோசப்பட்ட விசயம்ப்பா அது. எனக்கும்தான் சந்தோசம். அதப் போயி எதுக்குக் கெடுக்கணும்?"



மேல்முறையீட்டுத் தேதி வந்தது. வைகாசி நடுவில், பெங்களூரில். எல்லாம் சரியாக வந்தது என்று நினைக்கும்போது ஊரில் வேறு நடந்தது. பங்குனியில் மேலத் தெருவில் ஒரு பெரிய சாவு. அதனால் அந்த வருஷத் திருவிழாவைத் தள்ளிவைத்திருந்தார்கள். சித்திரையில் அழகர் திருவிழா நடக்கும்போது சுற்றுப்பட்டிகளில் தனித் திருவிழா எடுக்கும் வழக்கம் இல்லை. அதனால் வைகாசியில் வைத்தார்கள். காப்புக் கட்டி நாலாம் நாள் சரண்யா பெங்களூரில் நிற்க வேண்டும். அதற்கு முந்தின ராத்திரியே ரயில் ஏற வேண்டும்.

தெற்குத் தெருவில் இந்த வருஷமும் மொக்கைச்சாமிதான் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.  முருகம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு சோறு போட்டாள். சரண்யா மட்டும் ஒருநாள், காலையில் போய் அன்றைக்கே இருட்டுவதற்குள் வருகிற மாதிரி பஸ் இருக்கிறதா என்று போனில் தேடிக்கொண்டிருந்தாள். எப்படிப் பார்த்தாலும் ஒரு ராத்திரி வெளியே தங்காமல் முடியாது. அதை அவர் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். அவள் தேதியை விடமாட்டாள் என்று தெரியும். ஆனாலும் அப்பனுக்குச் சங்கடம் வராமல் போக வழி தேடுகிறாள்.

கோவில் முன்னால் ஊர்க் கூட்டம் நடந்தது. மேலத் தெருப் பெரியவரும் ஊர்த் தலைவருமான அம்பலகாரர், பேரேட்டைப் பார்க்காமலே, "தெக்குத் தெருவுக்கு மொக்கைச்சாமி," என்றார்.

மொக்கைச்சாமி எழுந்து நின்றார். அந்த இடத்தில் எழுந்து நின்று பேசியது அவர் குடும்பத்தில் அவர்தான் முதல் ஆள்.

"இந்த வருசம் எனக்கு வேணாங்க ஐயா. எம் மகள் பெங்களூரு போகணும். நானும் கூடப் போறேன். ராத்தங்க வேண்டியிருக்கு."

கூட்டத்தில் சலசலப்பு. பின்னால் இருந்து ஒரு குரல், "தாலுகாபீசு வரைக்கும் போயி வாங்குனீக. ரெண்டாம் வருசமே வேணாமாக்கும்?" என்றது. அங்கங்கே சிரிப்பு.

மொக்கைச்சாமி அந்தப் பக்கம் திரும்பவில்லை. அம்பலகாரரைப் பார்த்தேதான் சொன்னார்.

"காப்பு வேணாம்னு சொல்லலைங்க. அது எங்க தெருவுக்கு உள்ளது, மொக்கைச்சாமிக்கு உள்ளது இல்ல. பீமாராவ் கட்டிக்கிருவான். நான் கட்டிட்டு எம் பிள்ளைய அனுப்புனா அது மீறுனது. கட்டாம அனுப்புனா அதுல ஒரு குத்தமும் இல்ல. ஊருக்கு முன்னால சொல்லிட்டுப் போறதுதான முறை?"

 அம்பலகாரர் பீமாராவைப் பார்த்து, ஏப்பா, உனக்குச் சம்மதமா என்று கேட்டார். ஒச்சாயியின் கொழுந்தன் மகன் பீமாராவ், ஆட்டோ ஓட்டுகிறவன். இப்படி ஒன்று வரும் என்று எதிர்பார்க்காதவன் எழுந்து வேட்டியை இறக்கிவிட்டான். சம்மதம் என்றான்.

வீட்டுக்கு வந்தபோது ஒச்சாயி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மரியாதையைத் தூக்கி அடுத்த வீட்டுக்குக் கொடுத்துட்டு வர்றியே தம்பி, அப்பன் பேர நெனச்சுப் பாத்தியா என்று கேட்டாள். அப்பன நெனச்சுத்தான் குடுத்துட்டு வாரேன் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். ஒச்சாயிக்கு அது விளங்கவில்லை. காளியைப் பற்றி அவர் ஒருதரம் சொன்னதைக் கேட்டிருந்த முருகம்மாளுக்கு விளங்கியது.

மொக்கைச்சாமி மதுரையைத் தாண்டி வண்டி ஓட்டியிருக்கிறார்; ரயிலில் வேற்று மாநிலம் போனதில்லை. ரயிலில் சரண்யா நன்றாகத் தூங்கினாள். அவர்தான் தூங்கவில்லை. பெங்களூரில் பட்டாளத்து ஆஸ்பத்திரி வாசலில் துப்பாக்கியோடு நின்ற சிப்பாய் அவரை உள்ளே விடவில்லை. இந்தியில் ஏதோ சொன்னான். சரண்யா அதே பாஷையில் அவனுக்கு ஏதோ பதில் சொன்னாள். அவன் சட்டென்று விறைப்பாக நின்றான். என்ன சொன்னாய் என்று கேட்டதற்கு, ஒண்ணுமில்லப்பா, எங்கப்பா இங்கதான் நிப்பாரு, தண்ணி கேட்டாக் குடுங்கன்னு சொன்னேன் என்றாள். பிறகு உள்ளே போனாள்.

வேப்பமரம் ஒன்றின் நிழலில் நின்றார். நிழல் நகர்ந்தபோது அவரும் நகர்ந்தார். அவரைப் போல வேறு இரண்டு மூன்று தகப்பன்மாரும் நின்றார்கள். ஒருவருக்கு ஒருவர் பாஷை தெரியாது. தண்ணீர் பாட்டிலை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு விரித்துப் பார்ப்பார்கள், அதனால் வெளியே வரும்போது வெளிச்சம் கூசும் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். அதனால், பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வரும்போது, அது அழுகையா கூச்சமா என்று அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

சரண்யாவும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் வந்தாள். கைக்குட்டையால் நெற்றியில் நிழல் கட்டிக்கொண்டு அப்பாவைத் தேடினாள். மருந்து விட்ட கண்ணில் பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் போல. அவரைத் தாண்டிக் கொஞ்சம் போய்த் திரும்பி வந்தாள்.

"ஃபிட்டுப்பா," என்றாள்.

"கண்ணா?"

"கண்ணு, காது, எல்லாம். இனிமே அவங்க மார்க் வரிசை போட்டு, அதுல பேரு வரணும். அது ஒண்ணுதான் பாக்கி."

"அது அவுக பாடு," என்றார் மொக்கைச்சாமி. "நம்ம பாட்ட நாம பாத்தாச்சு."

போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார். முருகம்மாள் எடுத்ததும் போனை மகளிடம் நீட்டினார். அவள் அம்மாவிடம் விவரம் சொல்லிவிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் கொட்டுச் சத்தமும் குலவையும் கேட்டன. தெற்குத் தெருவில் இருந்து நாலாம் நாள் மாவிளக்கு கிளம்புகிறது, பீமாராவ் முன்னால் போகிறான் என்று முருகம்மாள் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னாள்.

"என்னயக் கேட்டாங்களா?" என்றார் மொக்கைச்சாமி.

"அம்பலகாரரு கேட்டாரு. மகளோட போயிருக்காருன்னு சொன்னேன். என்ன ஆச்சுன்னு வந்து சொல்லச் சொன்னாரு. நான் இப்பப் போயிச் சொல்லவா?"

அவர் சரண்யாவைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு மரத்தில் சாய்ந்திருந்தாள்.

"மொதல்ல எங்கக்காகிட்டச் சொல்லு," என்றார்.